"செத்தாலும் சாகிறேன்" என்பதற்கு முந்தைய வசனங்கள்: எஸ்தர் வேதபாட நூலும் வகுப்பும் – ஒரு மதிப்புரை

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் வேதாகமத்தின் எஸ்தரைப் பற்றிய செய்தி இல்லாமல் ஓர் ஆண்டு கழிவது அரிது. பெர்சிய ராஜா அகாஸ்வேருவின் அரசியான யூதப்பெண் எஸ்தர், ராஜாவின் பிரதானி ஆமான் யூதரையெல்லாம் அழிக்கப் பிறப்பித்த ஆணையிலிருந்து தன் ஜனத்தைக் காத்த வரலாறு அது. அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை "நான் செத்தாலும் சாகிறேன்" என்ற நான்காம் அதிகாரத்தின் பதினாறாம் வசனத்தை நோக்கி விரைந்து ஓடி, அங்கே குரலை உயர்த்தி, "நாமும் எஸ்தரைப் போல் எழும்புவோம்" என்று முடிந்துவிடுகின்றன. அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்பு அவள் சொன்ன பதிலை யாரும் நின்று வாசிப்பதில்லை. அழைப்பில்லாமல் அரண்மனையின் உள்முற்றத்துக்குள் போகிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் ராஜா பொற்செங்கோலை நீட்டினாலொழியச் சாகவேண்டும் என்பது சட்டம். தன்னையோ முப்பது நாளாக ராஜா அழைக்கவில்லை. ராஜாவிடம் போய் மன்றாடச் சொன்ன மொர்தெகாய்க்கு, தன்னை வளர்த்த உறவினனுக்கு, அவள் முதலில் சொல்லி அனுப்பியது இதுதான். எஸ்தரைப் பற்றிய எந்த வேதபாடமும் இந்தப் பதினோராம் வசனத்தை என்ன செய்கிறது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே நான் மதிப்பிடும் நூல் அந்த வசனத்துக்கு ஒரு முழுப் பாடத்தையே ஒதுக்கியிருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுத விரும்பினேன்.

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு திருச்சபையின் பெண்கள் சங்கம் தங்கள் உறுப்பினர்களுக்காகத் தயாரித்து, பிறகு அக்கம்பக்கச் சபைகளுக்கும் கொடுக்கத் தொடங்கிய பயிற்சி நூல் இது. எட்டுப் பாடங்கள், சுருள் கம்பிக் கட்டு, விலை 180 ரூபாய். நடத்துநருக்கான கையேடு தனியாக 60 ரூபாய். நூலை வாங்குகிறவர்கள் விரும்பினால் வாரந்தோறும் சனிக்கிழமை மாலை நடக்கும் வகுப்பிலும் சேரலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்து வேதபகுதியை நிதானமாக வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கண்புரை காரணமாக வாசிக்கச் சிரமப்படும் மூத்த சகோதரிகளுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. எழுத்தின் அளவு பெரிதாகவும், விடை எழுதும் கோடுகள் போதுமான இடைவெளியோடும் இருக்கின்றன. முன்னட்டையின் உட்புறத்தில் அகாஸ்வேரு அரசின் பரப்பைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகள் என்று வேதத்தின் எஸ்தர் நூலின் முதல் வசனமே சொல்வதை அந்த வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கும்போது, ஓர் ஆணைக் கடிதம் புறப்பட்டால் தப்பிப் போவதற்கு இடமே இருக்கவில்லை என்பது உடனே விளங்கிவிடுகிறது.

நான்காம் பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாடம் மொர்தெகாய் துக்கத்தில் உடுத்திய இரட்டுடையிலிருந்து தொடங்குகிறது. அரண்மனை வாசலில் அவன் சாம்பலோடு அழுது நிற்பதைக் கேள்விப்பட்ட எஸ்தர் முதலில் அவனுக்கு உடுப்பு அனுப்புகிறாள். நகரம் முழுவதும் கலங்கியிருக்க, அந்தக் கலக்கத்தின் காரணம் அரசியின் அறைக்கு இன்னும் எட்டவில்லை. ஆத்தாகு என்ற அரண்மனைப் பணியாளன் போய் விசாரித்து, ஆணையின் நகலோடும் ஆமான் தருவதாகச் சொன்ன வெள்ளியின் கணக்கோடும் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. இதற்குப் பிறகு நூல் கேட்கும் கேள்வி இது: "எஸ்தர் சொன்ன முதல் பதிலில் எத்தனை காரணங்கள் இருக்கின்றன? அவற்றில் எது பொய்?" விடை எழுத நான்கு கோடுகள் விட்டிருக்கிறார்கள். எதுவும் பொய் இல்லை. சட்டம் உண்மை, முப்பது நாள் உண்மை, மரணமும் உண்மையாகவே நேரக்கூடியது. அவளுடைய பயம் நியாயமான பயம் என்பதை வாசகர் தன் கையாலேயே எழுதும்படி செய்த பிறகுதான் நூல் அடுத்த வசனத்துக்குப் போக விடுகிறது.

இந்த வரிசை மிக முக்கியமானது. பயப்படுகிறவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று கேட்டே வளர்ந்த பெண்கள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பயம் வந்தவுடனேயே தங்களைக் குற்றவாளிகளாக எண்ணிக்கொண்டு, செய்ய வேண்டிய காரியத்தைத் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். எஸ்தரின் வரலாறோ பயத்தை மறைக்காமல், அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதன் பிறகு அவள் எடுத்த முடிவைச் சொல்கிறது. மொர்தெகாயும் அவளைக் கோழை என்று திட்டவில்லை. நீ மௌனமாக இருந்தால் யூதருக்குச் சகாயம் வேறொரு இடத்திலிருந்து எழும்பும், ஆனால் இப்படிப்பட்ட காலத்துக்கு உதவியாக இருக்கும்படியே உனக்கு ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே என்று சொல்கிறான். அந்த வாக்கியத்தில் இருக்கும் "கிடைத்திருக்கலாமே" என்ற தயக்கத்தை நூலாசிரியர்கள் அழிக்காமல் விட்டிருப்பதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். மொர்தெகாய்க்கு வானத்திலிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எந்தச் சொப்பனமும் எபிரெய மூலத்தில் சொல்லப்படவில்லை. நிச்சயம் கிடைத்த பிறகு அடியெடுத்து வைப்பதைக் காட்டிலும், "இருக்கலாம்" என்ற அளவில் அடியெடுத்து வைப்பதே இங்கே விசுவாசமாகக் காட்டப்படுகிறது.

ஐந்தாம் பாடம் உபவாசத்தைப் பற்றியது. அரண்மனை இருந்த சூசான் நகரில் இருக்கிற யூதரையெல்லாம் கூட்டி, மூன்று நாள் அல்லும் பகலும் புசியாமலும் குடியாமலும் தனக்காக உபவாசிக்கச் சொல்லும்போது, எஸ்தர் முதல்முறையாக மொர்தெகாய்க்கே கட்டளையிடுகிறாள். இரண்டாம் அதிகாரத்தில் மொர்தெகாய் சொன்னபடியெல்லாம் அவள் செய்தாள் என்றிருக்க, நான்காம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் எஸ்தர் கற்பித்தபடியெல்லாம் மொர்தெகாய் செய்தான் என்றிருக்கிறது. இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, வேறெதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அது போதும். நடத்துநர் கையேட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆமானின் ஆணை முதல் மாதம் பதின்மூன்றாம் தேதியில் எழுதப்பட்டது. பஸ்கா பதினான்காம் தேதி மாலையில் தொடங்கும். எனவே எஸ்தர் கேட்ட உபவாசம் பஸ்காப் பண்டிகையோடே மோதியிருக்க வேண்டும் என்று யூத உரையாசிரியர்கள் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக உண்ண வேண்டிய இரவில், விடுதலைக்காக உண்ணாமல் இருந்த ஒரு மக்கள் கூட்டத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மூன்று நாட்களின் கனம் புரியும். இந்தக் குறிப்பைக் கையேட்டில் ஒளித்து வைக்காமல் எல்லோருடைய நூலிலும் அச்சிட்டிருக்கலாம்.

வகுப்பைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோரும் அவரை அக்கா என்றே அழைக்கிறார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அமைதியாக இருக்க அவருக்குத் தெரிகிறது. உபவாசப் பாடத்தன்று, பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மேற்பார்வை செய்யும் சகோதரி ஒருவர் நெடுநேரத்துக்குப் பிறகு பேசினார். தன் வரிசையில் வேலை செய்யும் பெண்களுக்கு மிகைநேர ஊதியம் குறைத்துக் கொடுக்கப்படுவது தெரிந்தும் தான் வாய் திறக்காமல் இருந்ததாகவும், தனியாகப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தே பயந்ததாகவும் சொன்னார். "அக்கா, எஸ்தர் ராஜாகிட்ட தனியாத்தான் போனாங்க, ஆனா முடிவு எடுத்தது தனியா இல்லையே" என்று அவர் சொன்னபோது, அக்கா விளக்கம் எதுவும் சேர்க்காமல், "அந்தப் பிள்ளைங்கள முதல்ல வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசு தாயி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சகோதரி அப்படியே செய்தார். அவரவர் வேலை செய்த நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சேர்த்து, இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனார். பாக்கியில் ஒரு பகுதி கைக்கு வந்தது. மற்றது இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. ஒரு வேதபாடம் இந்த அளவுக்கு ஒருவருடைய வேலை நாளுக்குள் இறங்கியதை நான் அதிகம் கண்டதில்லை.

ஆறாம் பாடம் இரண்டு விருந்துகளையும் எடுத்துக்கொள்கிறது. ராஜ்யத்தில் பாதிமட்டும் கேட்டாலும் கிடைக்கும் என்று அகாஸ்வேரு சொன்ன கணத்திலேயே எஸ்தர் ஏன் கேட்டுவிடவில்லை என்பது எல்லா வாசகருக்கும் எழும் கேள்வி. நூல் இதற்கு ஒற்றை விடை தராமல், அவள் எதிரே இருந்த சிக்கலை விளக்குகிறது. யூதரை அழிக்கும் ஆணைக்கு முத்திரை போட்டது ராஜாவின் மோதிரமே. அதைக் கழற்றி ஆமானிடம் கொடுத்தவன் ராஜாவே. ஆமானைக் குற்றம் சாட்டினால் அந்தக் குற்றம் பாதி தூரம் ராஜாவையும் தொடும். எனவே அவள் இடத்தையும் வேளையையும் தேர்ந்துகொள்கிறாள். குற்றவாளியையும் அதே பந்தியில் உட்கார வைக்கிறாள். நாங்கள் அடிமைகளாக விற்கப்பட்டிருந்தால் மௌனமாக இருந்திருப்பேன் என்று ராஜாவின் நஷ்டத்தையும் சேர்த்தே பேசுகிறாள். யார் அவன் என்று ராஜா கேட்ட பிறகே, சத்துருவும் பகைஞனுமான அந்த மனுஷன் இந்தத் துஷ்ட ஆமான்தான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். தைரியம் என்றால் மனத்தில் பட்டதை உடனே போட்டு உடைப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் மிகவும் தேவை. முதல் விருந்துக்கும் இரண்டாம் விருந்துக்கும் இடைப்பட்ட இரவில் ராஜாவுக்குத் தூக்கம் வராமல் நாளாகமப் புத்தகம் வாசிக்கப்பட்டதையும், மொர்தெகாய் முன்பு செய்த நன்மை அதில் கண்டெடுக்கப்பட்டதையும் நூல் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறது. எஸ்தரின் கைக்கு எட்டாத காரியம் அந்த இரவில் நடந்தது என்பதற்கு மேல் அங்கே சொல்ல வேண்டியதும் இல்லை.

ஏழாம் பாடம் பலரும் தவறவிடும் ஒரு பகுதியைக் கையில் எடுத்திருக்கிறது. ஆமான் தூக்கிலிடப்பட்டு, அவனுடைய வீடு எஸ்தருக்குக் கொடுக்கப்பட்ட பிறகு, எட்டாம் அதிகாரத்தில் அவள் மீண்டும் ராஜாவின் பாதத்தில் விழுந்து அழுகிறாள். ராஜா மீண்டும் செங்கோலை நீட்டுகிறான். அவளுடைய எதிரி ஒழிந்துவிட்டான், ஆனால் மேதிய பெர்சிய வழக்கப்படி ராஜாவின் முத்திரை பெற்ற ஆணையை யாரும் திருப்ப முடியாது. யூதரை அழிக்கக் குறித்த ஆதார் மாதம் பதின்மூன்றாம் தேதி அப்படியேதான் இருக்கிறது. தன் அளவில் ஆபத்து விலகிய பிறகும் தன் ஜனத்துக்காக இரண்டாம் முறை போய் நின்றதே அவள் செய்தவற்றுள் பெரியது என்று நான் நினைக்கிறேன், நூலும் அப்படியே நினைக்கிறது. அந்த மன்றாட்டின் பலனாக மூன்றாம் மாதம் 23ஆம் தேதி, யூதர் தங்களைக் காத்துக்கொள்ள அனுமதிக்கும் புதிய ஆணை எழுதப்படுகிறது. முதல் ஆணைக்கும் இதற்கும் இடையே இரண்டு மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டன என்பதைக் கட்டமிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது போல் பிரசங்கிக்கப்படும் வரலாற்றில் இந்தக் காத்திருப்பைச் சேர்த்தது நல்ல காரியம்.

இனிக் குறைகள். இரண்டாம் பாடத்தை இந்த நிலையில் அச்சிட்டிருக்கவே கூடாது. சூசானின் அரண்மனைக்குக் கன்னிப்பெண்கள் சேர்க்கப்பட்டதை நூல் "அழகுப் போட்டி" என்று குறிப்பிடுகிறது. வேதம் அப்படிச் சொல்லவில்லை. ஆணை பிறந்தது, பெண்கள் திரட்டப்பட்டார்கள், எஸ்தரும் கொண்டுபோகப்பட்டாள் என்றே அங்கே இருக்கிறது. யாரும் விரும்பி விண்ணப்பித்ததாக ஒரு சொல்லும் இல்லை. ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் பரிமளவர்க்கங்கள் என்று ஓராண்டுச் சடங்கு. பிறகு ஓர் இரவு. அதன் பிறகு சாஷ்காஸ் என்பவனின் பொறுப்பில் உள்ள இரண்டாம் மாடம். ராஜா பெயர் சொல்லி அழைத்தாலொழிய அங்கிருந்து வெளியே வர முடியாது. எஸ்தரைத் தவிர மற்ற பெண்களெல்லாம் அந்த மாடத்திலேயே வாழ்ந்து முடிந்திருப்பார்கள். தாய் தகப்பன் இல்லாத, தன் குலத்தை வெளியே சொல்ல முடியாத ஒரு பெண், தன் விருப்பம் கேட்கப்படாமல் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டாள் என்பதை மறைத்துவிட்டால், பிற்பாடு அவள் அழைக்கப்படாமலே உள்ளே நுழைந்ததன் பொருள் பாதியாகக் குறைந்துபோகிறது. எஸ்தருக்கு முன் அரசியாக இருந்த வஸ்தியையும் ஒரே பத்தியில், கீழ்ப்படியாத மனைவி என்று முடித்துவிட்டார்கள். 180 நாள் ஆடம்பரக் காட்சிக்கும் ஏழு நாள் விருந்துக்கும் பிறகு மதுமயக்கத்தில் இருந்த ராஜா, தன் மனைவியைக் கூட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னான், அவள் வரமாட்டேன் என்றாள். அவள் மறுத்ததை வேதம் எங்கும் குற்றம் சொல்லவில்லை. பயந்தவர்கள் ராஜாவின் ஆலோசகர்கள்தான். இளம்பெண்கள் இருக்கும் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர் நூலை ஓரமாக வைத்துவிட்டு நேராக வேதத்தையே திறந்து வாசிப்பது நல்லது.

ஒன்பதாம் அதிகாரத்தையும் நூல் சரியாகக் கையாளவில்லை. எட்டாம் அதிகாரத்தின் முடிவிலிருந்து, யூதர் தப்பியதை நினைவுகூரும் பூரீம் பண்டிகை நிறுவப்பட்ட வசனங்களுக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகிறது. இடையே, தங்களைப் பகைத்தவர்களில் 75,000 பேரை நாடுகளில் யூதர் கொன்றதாகவும், சூசானில் இன்னொரு நாள் வேண்டுமென்று எஸ்தரே கேட்டதாகவும் இருக்கிறது. தற்காப்புக்காக அனுமதிக்கப்பட்ட போர், கொள்ளையில் கைவைக்கவில்லை என்று மூன்று முறை சொல்லப்படுகிறது, இவையெல்லாம் விளக்கத்துக்கு உதவும்; ஆனாலும் அந்த வசனங்கள் நம்மைச் சங்கடப்படுத்துகின்றன, அந்தச் சங்கடத்தை வகுப்பில் வைத்துப் பேசியே ஆக வேண்டும். நான்காம் அதிகாரத்தில் அத்தனை நேர்மையாக நடந்துகொண்ட நூல் இங்கே மட்டும் பக்கத்தைப் புரட்டிவிட்டது வருத்தம் தருகிறது.

சரித்திரக் குறிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். அகாஸ்வேரு என்பவர் கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட செர்க்சஸ் என்று பொதுவாகக் கருதப்படுகிறார். நூலும் அப்படியே சொல்கிறது. ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் செர்க்சஸின் அரசியாக அமெஸ்திரிஸ் என்பவரையே குறிப்பிடுகிறார் என்பதையும், எஸ்தரின் வரலாறு எந்த வகை எழுத்து என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இதை வேறெங்காவது வாசித்துவிட்டு வந்து கேட்கும்போது நடத்துநர் திகைத்து நிற்கக் கூடாது. சூசான் கற்பனை ஊர் அன்று. இன்றைய ஈரானில் ஷூஷ் என்ற பெயரில் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் பெர்சிய அரண்மனையின் இடிபாடுகள் வெளிப்பட்டிருக்கின்றன. அந்த அரண்மனையின் படம் ஒன்றைச் சேர்த்திருந்தால் உள்முற்றம், வெளிமுற்றம் என்ற பேச்சு இன்னும் தெளிவாகியிருக்கும்.

கடவுளின் பெயர் எபிரெய எஸ்தர் நூலில் ஒருமுறைகூட வரவில்லை என்பதை நூல் தயங்காமல் எடுத்துரைப்பது மனநிறைவைத் தருகிறது. சாக்கடல் அருகே குகைகளில் கண்டெடுக்கப்பட்ட பழைய யூத ஏடுகளான சாக்கடல் சுருள்களில் எஸ்தர் நூலின் துணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதோடு நிற்காமல், கத்தோலிக்கச் சகோதரிகள் வாசிக்கும் திருவிவிலியத்தில் எஸ்தர் (கிரேக்கம்) என்ற பெயரில் உள்ள நூலிலிருந்து எஸ்தரின் மன்றாட்டைப் பின்னிணைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். தனக்கு வேறு துணை இல்லை என்றும், சிங்கத்தின் முன் நிற்கும்போது தன் வாயில் தகுந்த சொற்களைத் தர வேண்டும் என்றும் அவள் அதில் வேண்டுகிறாள். ராஜாவின் முன் போனதும் மயங்கி விழுகிறாள். ஒரு வடிவத்தில் ஜெபம் என்ற சொல்லே இல்லை, இன்னொரு வடிவத்தில் கண்ணீரோடு நீண்ட ஜெபம். இரண்டையும் ஒரே மாலையில் சேர்த்து வாசித்தபோது, வாய்விட்டு ஜெபிக்க வராத சகோதரிகளும் சரளமாக ஜெபிக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர் என்ற எண்ணம் வகுப்பில் இயல்பாகவே உண்டானது. ஒரு சீர்திருத்தத் திருச்சபையின் பெண்கள் சங்கம் இந்தப் பின்னிணைப்பைச் சேர்க்கத் துணிந்தது எளிய காரியம் அன்று.

கடைசிப் பாடம், பூரீம் நாட்களில் ஒருவருக்கொருவர் பங்குகளை அனுப்பவும் எளியவர்களுக்குத் தானம் கொடுக்கவும் வேண்டும் என்று எழுதப்பட்டதையும், அதை உறுதிப்படுத்தும் நிருபத்தை எஸ்தர் முழு அதிகாரத்தோடு எழுதியதையும் சேர்த்து வாசிக்கிறது. அனாதையாக அறிமுகமானவள் எழுதிய கட்டளையால் யூத மக்கள் இன்றும் அந்த நாட்களில் தானம் கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தின் இறுதியில் ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் யாருக்காக யாரிடம் போய்ப் பேசப் போகிறார்கள் என்று எழுத ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

வாங்க நினைக்கும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: 60 ரூபாயை மிச்சம் பிடிக்க எண்ணி நடத்துநர் கையேட்டை விட்டுவிட வேண்டாம், ஏனென்றால் நான்காம், ஐந்தாம் பாடங்களை அது இல்லாமல் நன்றாக நடத்த முடியாது. இரண்டாம் பாடத்துக்கு மட்டும் கையேடும் உதவாது. அந்த வாரத்தில் முதல் இரண்டு அதிகாரங்களையும் வகுப்பில் உரக்க வாசித்து, ராஜாவின் கட்டளையால் அந்தப் பெண்களுக்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்று அவர்களே பட்டியலிடச் சொல்லுங்கள். அதற்கு நூலின் முதல் பாடத்தில் மிஞ்சியிருக்கும் கோடுகளே போதும்.